சாமித் தண்ணீரும் நாலு ஓர்க்கிட்டும்

ஒக்லாண்டில் குளிர் இல்லை என்று சொல்கிறவர்களை ஒனிஹங்காவில் ஒரு பழைய பலகை வீட்டில் குளிர்காலமான ஜூன் மாதம் முழுக்கக் குடியிருத்த வேண்டும். எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருந்த வீடு அப்படிப்பட்டது. வெளியே பத்து டிகிரி என்றால் உள்ளேயும் பத்து டிகிரி. பிறகு வீடு எதற்கு? சுவர் என்றால் இரண்டு பலகை, நடுவில் காற்று. ஜன்னல் இடுக்குகளில் பேப்பரை மடித்துச் செருகுவோம். கோட்டுப் போட்டுக்கொண்டு குசினியில் நின்று வெங்காயம் வெட்டுவேன். இந்த நாட்டுக்காரருக்கு இதில் ஒரு வெட்கமும் இல்லை. குளிர்கிறது என்றால், இன்னொரு சுவெட்டர் போடு என்பார்கள்.

அந்த வீட்டில் நாலு ஓர்க்கிட் செடிகளைக் குளிர்காலம் முழுக்க உயிரோடு வைத்திருக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் பூச்செடி ஆசை அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. கறிக்கு உதவாத எதையும் தண்ணீர் ஊற்றி வளர்க்க எனக்குப் பொறுமை கிடையாது. நல்லபடியாக முடிந்ததால் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது நான் சிரிக்கவில்லை.

வீடு ஒரு வெள்ளைக்காரக் கிழவியுடையது. முன்பாதியில் அவள் தனியாக இருந்தாள். பின்பாதியில் இரண்டு சின்ன அறையும் குசினியும் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். நானும் கணவரும் மட்டும்தான். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. அவர் அட்டைப்பெட்டி செய்கிற இடத்தில் ஷிஃப்ட். கிழவி சுள்ளென்று பேசுவாள். நானும் அப்படித்தான். அதனால் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

அந்த வருடம் மே மாதம் என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், இரண்டு பெண்பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். மச்சாளின் கணவர் விசாவுக்காகக் கொழும்பில் காத்துக்கொண்டிருந்தார். வேறு வீடு பார்த்துப் போகிறோம், கொஞ்சம் பொறு என்று கிழவியிடம் சொன்னேன். உண்மையாகவே வீடு பார்க்கத்தான் போனேன். போனில் கேட்டால் வீடு இருக்கும். வாசலில் போய் என் முகத்தைக் காட்டினால், இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார் என்பார்கள். நகரத்துக்கு மேற்கே ஹென்டர்சனில் ஒருத்தன் கதவைத் திறக்கக்கூட இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாயை விரட்டுவதுபோலக் கையை ஆட்டினான். இனி ஹென்டர்சன் பக்கம் கால் வைப்பதில்லை என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

ஜூன் தொடங்கும்போது கிழவி பின்கதவைத் தட்டினாள். முழங்கால் நோவு தாங்க முடியவில்லை, அவுஸ்திரேலியாவில் சூடான பக்கம் இருக்கிற மகளிடம் போகிறேன், செப்டம்பர் கடைசியில்தான் வருவேன் என்றாள்.

"உன்னிடம் வந்திருக்கிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"குசினியில்" என்றேன். பொய் சொல்லி என்ன செய்வது? வாசலில் நின்றாலே பாய் தெரிந்தது.

"என் முன்னறையில் படுக்கட்டும். செடிகளுக்காக அங்கே ஹீட்டர் எப்படியும் எரிய வேண்டும். ஆனால் அந்த அறைக்குள் ஈரத்துணி காயப்போடக் கூடாது. சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். திரும்பி வந்ததும் பார்ப்போம்."

"என்ன பார்ப்பது?"

"செடியைப் பார்ப்பேன். வீட்டைப் பார்ப்பேன். பிறகு, நீங்கள் இத்தனை பேரும் இருக்கலாமா என்று சொல்வேன்."

அவ்வளவுதான். செடி செத்தால் நாங்கள் தெருவில் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காதில் விழுந்தது அதுதான்.

போவதற்கு முன் அரை மணித்தியாலம் எனக்குப் பாடம் எடுத்தாள். இவை மொத் ஓர்க்கிட். மொத் என்றால் விட்டில். பூ விட்டில் சிறகு விரித்ததுபோல இருக்குமாம். எனக்கு அவை காதை விரித்த முயல்கள் மாதிரித்தான் தெரிந்தன. அயலில் எல்லாரும் வேலியோரம் வைத்திருக்கிற ஓர்க்கிட் மழையிலும் உறைபனியிலும் கிடந்து பூக்கும். இது அந்தச் சாதி இல்லை. இதற்கு இரவிலும் அறை இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் இலை முட்டக்கூடாது. திரைக்குப் பின்னால் குளிரில் விட்டுவிடக் கூடாது. ஹீட்டர் காற்று நேரே அடிக்கவும் கூடாது. கிழமைக்கு ஒருதரம் காலையில், கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீர் ஊற்றி, முழுக்க வடிய விட வேண்டும். வேர் வெள்ளி நிறமாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும். நடுக்குருத்தில் மட்டும் தண்ணீர் தங்கவே கூடாது. இதை அவள் விரலை நீட்டி இரண்டு தரம் சொன்னாள்.

நாலில் பெரியது வெள்ளை. ஒரு நீளத் தண்டில் வரிசையாகப் பூ. அடுத்தது ரோஸ் நிறம், நிறைய மொட்டோடு நின்றது. மற்ற இரண்டும் பூக்காத நடுத்தரச் செடிகள்.

அவள் போன முதல் கிழமையிலேயே ரோஸ் செடியின் மொட்டுகள் மஞ்சளாகி விழத் தொடங்கின. தொட்டால் போதும், விழும். தண்ணீர் சரி, வெளிச்சம் சரி. பிறகுதான் என் உதட்டைத் தடவிப் பார்த்தேன், வெடித்துக் கிடந்தது. வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே ஹீட்டர் காற்றை வறுத்தெடுக்கிறது. மனுசரின் தோலே உரியும்போது செடிக்கு மட்டும் எப்படி இருக்கும்? கேக் சுடுகிற தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் விட்டு, கல்லுக்கு மேலே சட்டிகளை வைத்தேன். சட்டியின் அடி தண்ணீரில் முட்டாமல் பார்த்துக்கொண்டேன். மொட்டு விழுவது குறைந்தது. ஆனால் நிற்கவில்லை.

அதற்குள் இன்னொரு தொல்லை. மழை விடவே இல்லை. ஐந்து பேரின் உடுப்பு. பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு இரண்டோ மூன்றோதான். பின்பக்கக் கொடியில் காலையில் போட்டதை மாலையில் இன்னும் ஈரமாக எடுப்போம். கடைசியில் மச்சாள் கேட்காமல் கொள்ளாமல் கிழவியின் மரச்சட்டத்தை ஹீட்டருக்குப் பக்கத்தில் விரித்து, எல்லாவற்றையும் அதில் காயப்போட்டுவிட்டார். பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை, கணவரின் வேலைக் காற்சட்டை, எல்லாம்.

"மச்சாள், கிழவி வேண்டாமெண்டு சொன்னவ."

"அப்ப பிள்ளையள் ஈரத்தோட பள்ளிக்கூடம் போகட்டோ?"

சுவரில் பூஞ்சணம் வந்தால் துடைக்கலாம் என்று ஒரு போத்தல் பிளீச் வாங்கி வைத்தேன். துணி அங்கேயே காய்ந்தது.

மச்சாள் அந்த அறையில் குடியேறிய அன்றே, எரியாத பழைய நெருப்படுப்பின் மேல்தட்டில் சாமி படங்களை அடுக்கிவிட்டார். நடுவில் உள்ளங்கையளவு பித்தளைப் பிள்ளையார். சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் வேலையால் வந்து செடியைப் பார்க்கிறேன், வெள்ளைச் செடியின் நுனிப் பூவைக் காணவில்லை. தரையில் தேடினேன். கட்டிலுக்கு அடியில் தேடினேன்.

"மச்சாள், இதில நிண்ட பூ எங்க?"

"அதோ? பிள்ளையாருக்கு வைச்சனான். பாரும், என்ன வடிவெண்டு."

பார்த்தேன். பிள்ளையாரின் முகமே தெரியவில்லை. பூ அவரைவிடப் பெரிது.

"ஆரைக் கேட்டு ஆய்ஞ்சனீங்கள்?"

"பூ ஆயிறதுக்கு ஆரைக் கேக்கிறது? ஊரில அயல்வேலியில கையை விட்டு ஆயிறேல்லையே?"

"இது ஊர் இல்லை. இது கிழவியின்ர பூ."

"கிழவி அவுஸ்திரேலியாவில நிக்கிறா. பிள்ளையார் இஞ்ச நிக்கிறார்."

சின்னவள் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப பிள்ளையாரை வாடகை குடுக்கச் சொல்லுங்கோ!" என்று கத்திவிட்டுக் குசினிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு மச்சாள் பூ ஆயவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவும் இல்லை. அது பரவாயில்லை, பூ நின்றதே என்று இருந்தேன்.

ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை, தண்ணீர் ஊற்றச் சட்டிகளைத் தூக்கினேன். மற்ற மூன்றும் காற்றைப்போல இலேசாக இருந்தன. வெள்ளைச் செடி மட்டும் கனத்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். புளித்த மணம். குழந்தை கக்கிய துணியை மூலையில் போட்டு மறந்தால் வருமே, அந்த மணம். நடு இலையைத் தொட்டேன். அது கையோடு வந்துவிட்டது. பழுத்துக் கறுத்த வாழைப்பழத் தோல் மாதிரி வழுவழுவென்று. குருத்து இருந்த இடம் கறுப்பு.

எல்லாரையும் திட்டினேன். ஹீட்டரைத் திட்டினேன். செடிக்குமேல் கை கழுவினார் என்று கணவரைத் திட்டினேன். பாவம், அந்த ஆள் அந்த அறைக்குள்ளேயே போவதில்லை. கிழவியையும் திட்டினேன், நீ ஏன் எங்களை நம்பி விட்டுவிட்டுப் போனாய் என்று.

அடுத்த நாள் காலையில் காரணம் என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு முன்னறை வாசலுக்கு வந்தேன். மச்சாள் குளித்து, நனைந்த தலையில் துவாய் கட்டியிருந்தார். பிள்ளையாரை ஒரு கிண்ணத்தில் இருத்தி, தண்ணீர் வார்த்து, ஒரு கரண்டி பால் வார்த்து, மஞ்சள் தடவிக் கழுவினார். துடைத்துத் தட்டில் வைத்தார். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, வெள்ளைச் செடியின் நட்டநடுவில் ஊற்றினார்.

"நிப்பாட்டுங்கோ!"

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். "என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"என்னத்தை ஊத்திறியள்?"

"சாமித் தண்ணி. கால் மிதிபடுற இடத்தில ஊத்தக்கூடாது. குசினித் தொட்டியில மீன் கழுவிறனீர். வெளியில ஒரே மழை. செடியடியில ஊத்திறதுதானே வழமை?"

"எவ்வளவு நாளா ஊத்திறியள்?"

"இந்த அறைக்கு வந்த நாள் துவக்கம்."

"நாலு செடி நிக்குது. ஏன் இதுக்குமட்டும்?"

"வெள்ளைப் பூவெல்லே" என்றார் மச்சாள். அவருக்கு அது போதுமான விளக்கம்.

"பிள்ளையாரைக் குளிக்கவாத்துக் குளிக்கவாத்துச் செடியைக் கொண்டுபோட்டியள்! இது துளசியில்லை மச்சாள். கிழவி வந்து பாத்தா எங்களைப் பெட்டியோட வெளியில விடுவா. பிறகு பிள்ளையாரை எந்த வீட்டில வைச்சுக் குளிக்கவாப்பியள்? ஒரு வீடு தாறாங்களில்லை எங்களுக்கு!"

மச்சாள் செடியைப் பார்த்தார். கறுத்த இடத்தை விரலால் தொட்டு, விரலை மணந்து பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "அவருக்கு விசா வருமட்டும் ஒவ்வொரு நாளும் வாக்கிறன் எண்டு நேர்ந்தனான்" என்று மெதுவாகச் சொன்னார்.

"நேர்ந்ததைச் செய்யுங்கோ. ஆனா உந்தச் செடிக்குள்ள ஊத்தாதேங்கோ."

மத்தியானம் கணவர் எழும்பி வந்து விஷயத்தைக் கேட்டார். எப்போதும்போலக் குறுக்குவழி சொன்னார். "இஞ்சாரும், இதைப்போல ஒண்டு வாங்கி வைப்பம். கிழவிக்கு என்ன தெரியப்போகுது?"

"உங்களைப்போல ஒருத்தனைக் கொண்டந்து கதிரையில இருத்தினா எனக்குத் தெரியாதோ?"

"சில நாளில தெரியாது" என்றார். பேப்பரை எறிந்தேன்.

தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் தைக்கிறவளிடம் சொல்லிப் புலம்பினேன். ஓர்க்கிட்டைக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்து விற்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், போய்க் காட்டு என்றாள். எங்கே என்றேன். ஹென்டர்சன் என்றாள். வேறு எங்கே இருக்கப்போகிறது!

அடுத்த சனிக்கிழமை செடியைக் கணவரின் கம்பளிச் சட்டையால் சுற்றி, கூடைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். குளிர்காற்று பட்டால் மிச்சமும் போய்விடும் என்று பயம். மச்சாள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வாறன்."

"என்னத்துக்கு?"

"நான்தானே ஊத்தினனான்."

நகரத்துக்குப் பஸ், அங்கிருந்து ரயில். கூடை மச்சாளின் மடியில் இருந்தது. கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் சேலைத் தலைப்பை அதன்மேல் இழுத்து மூடினார்.

கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் ஈரச்சூடு முகத்தில் அடித்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல்முதலாக மச்சாள் தானாகக் கோட்டைக் கழற்றினார்.

"பாருங்கோ, மனுசர் குளிரில, செடி சூட்டில" என்றேன்.

அந்த ஆள் பெரிய உடம்புக்காரர். சட்டியை வாங்கினார். மணந்தார். இன்னொருதரம் மணந்தார்.

"பாலா?"

"பால்தான்."

"ஏன் பால்?"

மறைத்து என்ன பயன்? சொன்னேன். இவ என் கணவரின் அக்கா, சாமியைக் குளிப்பாட்டி அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினா என்று சொன்னேன். அவர் மச்சாளைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டுவாவா?"

"ஒவ்வொரு நாளும்."

"உங்கள் சாமி என்னைவிடச் சுத்தம்" என்றார்.

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அந்த ஆள் செடியைச் சட்டியிலிருந்து கழற்றி, பைன் மரப்பட்டைத் துண்டுகளை உதறினார். வேலை செய்துகொண்டே சொன்னார். இந்தச் செடி காட்டில் மரத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்து தொங்கும். எவ்வளவு மழை பெய்தாலும் குருத்தில் தங்காமல் வழிந்து போய்விடும். நாங்கள்தான் சட்டியில் நிமிர்த்தி வைத்து அதை ஒரு கிண்ணம் ஆக்கிவிடுகிறோம். கிண்ணத்துக்குள் தண்ணீர் நின்றால், அதுவும் குளிர்ந்த அறையில் நின்றால், அழுகாமல் என்ன செய்யும்? சாமித் தண்ணீரானாலும் சரி, சாதாரணத் தண்ணீரானாலும் சரி, அதற்கு ஒன்றுதான்.

அழுகிய வேர்களைக் கத்தரித்தார். மிச்ச வேர்களை விரலால் அமுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தன.

"நடு போய்விட்டது. இது இனி மேலே வளராது" என்றார். "ஆனால் வேர் உயிரோடு இருக்கிறது. பக்கத்தில் குட்டி போடலாம். போடாமலும் விடலாம். சூடாக வை. தண்ணீரைக் குறை. வெட்டின இடத்தில் கந்தகத்தூள் போடு. இல்லையென்றால் கறுவாப்பட்டைத் தூள். வேரில் பட விடாதே."

"என்னவாம்?" என்றார் மச்சாள்.

"கறுவாத்தூள் போடட்டாம்."

"கறுவாவோ? கறிக்குப் போடுற கறுவாவோ?"

"ஓம்."

மச்சாளின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அது என்னட்ட இருக்கு!" என்றார். செடி ஏற்கனவே பிழைத்துவிட்டதுபோலச் சொன்னார்.

திரும்பி வரும்போது ரயிலில், பாதி வழியில், மச்சாள் திடீரென்று குலுங்கத் தொடங்கினார். அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "உங்கட சாமி என்னைவிடச் சுத்தமாம்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே இருந்த பெண் இருக்கை மாறிப் போனாள். போகட்டும்.

வீட்டுக்கு வந்து மச்சாள் கறுவாவை இடித்து, சேலைத் துணியில் அரித்து, பல் துலக்கும் பிரஷால் கறுத்த இடம் முழுக்கப் பூசினார். அறை பிரியாணிக்கடை மாதிரி மணந்தது. பூத்தண்டை வெட்டிவிட்டோம், செடிக்குப் பாரம் வேண்டாம் என்று. வெட்டிய தண்டில் நின்ற பூக்களை என்ன செய்வது என்று மச்சாள் கேட்கவில்லை. நானே எடுத்துப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தேன்.

சாமித் தண்ணீருக்கும் ஒரு வழி செய்தோம். பின்வேலியோரம் ஒரு கிழட்டு எலுமிச்சை மரம் நின்றது. இந்த ஊரில் எலுமிச்சை இல்லாத வீடு குறைவு. அந்தப் பக்கம் ஒருவரும் நடப்பதில்லை, கால் படாது. மச்சாளுக்கு இடம் பிடித்துவிட்டது. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கிண்ணத்தோடு, கணவரின் பெரிய ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு தினமும் போய் வந்தார்.

பிறகு காத்திருப்பு. நான் வேலையால் வந்ததும் கோட்டோடு முன்னறைக்குத்தான் போவேன். வெள்ளைச் செடியில் மூன்று பழைய இலை, நடுவில் பழுப்பு நிறப் பள்ளம். ஒரு மாற்றமும் இல்லை. ஓகஸ்ட் முழுக்க அப்படித்தான் போனது. ஆனால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. ரோஸ் செடியில் மிஞ்சிய மொட்டு ஒன்றும் விழாமல் விரிந்தது. பூக்காத இரண்டில் ஒன்று புதுத் தண்டு விட்டது. கூழாங்கல் தட்டு வேலை செய்கிறது என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். துணி பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் நடுவில் ஒரு காலை, நான் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவு படபடவென்று அடிபட்டது.

"பிள்ளை, வெளியால வாரும்! கெதியா வாரும்!"

வீடு எரிகிறது என்று நினைத்தேன். பலகை வீடு, பழைய ஹீட்டர். துவாயைச் சுற்றிக்கொண்டு, சோப்பு நுரையோடு ஓடினேன். மச்சாளும் இரண்டு பிள்ளைகளும் வெள்ளைச் செடியைச் சுற்றிக் குந்திக்கொண்டிருந்தார்கள். அடியிலையின் கக்கத்தில், ஒரு பச்சைப் புள்ளி. நெல்லை நட்டுவைத்ததுபோலக் கூராக.

"வேராயிருக்குமோ?" என்றேன். நம்பப் பயமாக இருந்தது.

"இல்லை மாமி, வடிவாப் பாருங்கோ, இலை" என்றாள் மூத்தவள்.

இலைதான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குளிர் தெரியவில்லை. மச்சாள் தன் போர்வையை எடுத்து என்மேல் போட்டார்.

கிழவி சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். ஞாயிறு காலை, டாக்சிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பதற்குள் முன்கதவு திறந்துவிட்டது. அவளுடைய வீடு, அவளிடம் சாவி. முன்னறைக்குள் நுழைந்து, பையைக் கீழே வைக்காமல் நின்றாள். மரச்சட்டம் நிறைய ஈரத்துணி. கதிரையின் முதுகில் மச்சாளின் உள்பாவாடை. கதவுக் கைப்பிடியில் பிள்ளைகளின் காலுறை. ஒளிக்க நேரமில்லை. மச்சாள் உள்பாவாடையை மட்டும் பாய்ந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

கிழவி துணியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சுவரை நான் கிழமைதோறும் பிளீச்சால் துடைத்திருந்தேன். பிறகு செடிகளுக்குக் கிட்டப் போனாள். ரோஸ் செடியின் பூக்களுக்குக் கீழே விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தாள். புதுத் தண்டைப் பார்த்தாள். கடைசியில் வெள்ளையிடம் வந்து நின்றாள்.

அவள் கேட்பதற்கு முன் நான் சொல்லிவிட்டேன். "இதன் நடுவை நாங்கள் அழுகவைத்துவிட்டோம். இவ சாமியைக் குளிப்பாட்டின தண்ணீரை ஊற்றினா. தெரியாமல் செய்தது. பக்கத்தில் குட்டி போட்டிருக்கிறது. துணியும் நாங்கள்தான் காயப்போட்டோம், மழை. இவ்வளவுதான். இனி நீ சொல்."

கிழவி கதிரையில் மெதுவாக உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு குளிர்காலமும் என்னிடம் ஒரு மொட்டும் மிஞ்சுவதில்லை" என்றாள். "ஹீட்டர் போட்டால் காற்றுக் காய்ந்துபோகும், மொட்டு விழும். ஹீட்டரை நிறுத்தினால் குளிரில் இலை விழும். போன வருடம் இரண்டு செடியைக் குப்பையில் போட்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"கூழாங்கல்லும் தண்ணீரும்" என்றேன்.

"அது நானும் வைத்துப் பார்த்தேன், டியர்." அவள் மரச்சட்டத்தைப் பார்த்தாள். எழும்பிப் போய்ப் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றின் கையைப் பிழிந்து பார்த்தாள். "துணிதான்" என்றாள். "ஈரத்துணியும், இத்தனை பேரின் மூச்சும். காற்றுக் காயவில்லை. நான் ஒருத்தி இருந்து எவ்வளவு மூச்சு விடுவது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. குளிர்காலம் முழுக்க அந்தத் துணிக்காக நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

"மகளிடம் திரும்பிப் போய் முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்யப்போகிறேன்" என்றாள் கிழவி. "அடுத்த வருடம் வரை வரமாட்டேன். வீட்டைப் பூட்டிவைத்தால் பழுதாகும். எல்லாருமே இருங்கள். முன்னறையும் உங்களுக்குத்தான். துணி அங்கேயே கிடக்கட்டும்."

மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தார். "என்னவாம்? என்னவாம்?"

"இருக்கட்டாம். எல்லாரும் இருக்கட்டாம்."

மச்சாள் ஒளித்துவைத்த உள்பாவாடையை வெளியே எடுத்து, எல்லாருக்கும் முன்னால் மரச்சட்டத்தில் விரித்துப் போட்டார்.

தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிழவி பின்வளவைப் பார்க்கப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். எலுமிச்சை மரத்தடியில் நின்று, அண்ணாந்து பார்த்து, சாமித் தண்ணீரை இப்போது எங்கே ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். இங்கேதான் என்றேன். கிழவி வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தாள். செத்துப்போன தன் புருஷனும் மகன்மாரும் பப்பில் குடித்துவிட்டு வந்து கக்கூசுக்குப் போவதில்லையாம். இந்த மரத்தடியில்தான் ஒன்றுக்கு நிற்பார்களாம். எலுமிச்சைக்கு அது நல்லது என்பது இந்த ஊர் ஆம்பிளைகளின் நம்பிக்கை. முப்பது வருடம் இந்த மரத்துக்கு வேறு உரமே போடவில்லை என்றாள்.

"என்ன சொல்லிச் சிரிக்கிறா?" என்றார் மச்சாள். கையில் அன்றைய கிண்ணம் இருந்தது.

"எலுமிச்சை நல்லாக் காய்ச்சிருக்காம். தொடர்ந்து ஊத்தட்டாம்" என்றேன்.